ஆனந்த் பட்வர்தன்: கருத்தும் காமிராவும்

‘பிதா, புத்ர் அவுர் தர்மயுத்’ 1995இல் முடிந்த ஆவணப்படம். இந்திய அரசு அதற்கு இரண்டு தேசிய விருதுகளைக் கொடுத்தது. அதே அரசின் தூர்தர்ஷன் அந்தப் படத்தை ஒளிபரப்ப மறுத்தது. உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் விடாமல் மேல்முறையீடு செய்து உச்ச நீதிமன்றம்வரை போனது. 2006 ஆகஸ்டில் தூர்தர்ஷனுக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, படம் வெட்டில்லாமல் ஒளிபரப்பானபோது பத்தாண்டுகள் ஓடியிருந்தன. ஒரு கையால் பரிசைக் கொடுத்துவிட்டு மறு கையால் வாயைப் பொத்தும் அரசை, அந்தப் பரிசையே சாட்சியாக வைத்து வழக்காடி வென்றவர் ஆனந்த் பட்வர்தன்.

அவருடைய கருத்துகள் ஒளிவுமறைவற்றவை. ஐம்பது ஆண்டுகளாகக் கட்டுரைகளிலும் பேட்டிகளிலும் திரையிடலுக்குப் பிந்தைய உரையாடல்களிலும் ஏறத்தாழ ஒன்றையேதான் சொல்லிவருகிறார்: ஆவணப்படம் நடுநிலை வகிக்க முடியாது, வகிப்பதாகச் சொல்வது பாசாங்கு, இந்தியாவில் மதச்சார்பின்மைக்கு முதன்மையான ஆபத்து பெரும்பான்மைவாதத்திலிருந்து வருகிறது, மாற்றுக்குரல் என்பது தேசத்துரோகம் ஆகாது, அரசமைப்புச் சட்டம் குடிமகனுக்குத் தந்த உரிமை. இவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறவன் நான். ஆனால் உடன்பாடு திறனாய்வு ஆகிவிடாது. இக்கருத்துகளை அவருடைய படங்கள் எவ்வளவு தாங்குகின்றன, எங்கே மீறுகின்றன, எங்கே அவற்றின் கனத்தில் வளைகின்றன என்பதே கேள்வி. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்வர்தனின் காமிராவுக்குத் தெரிந்தது பட்வர்தனின் கருத்துக்குத் தெரிந்ததைவிட அதிகம். கருத்து முன்னால் போய் காமிரா பின்னால் ஓடும் இடங்களில் படமும் சுருங்குகிறது, மதச்சார்பின்மை பற்றிய சிந்தனையும் சுருங்குகிறது.

அரசியல் அவருக்குக் குடும்பச் சொத்து. பெரியப்பாமார் வரிசையில் ராவ் பட்வர்தனும் அச்யுத் பட்வர்தனும் விடுதலைப் போராட்டத்தில் சிறை கண்டவர்கள். அச்யுத் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர், 1942இல் தலைமறைவாக இருந்து இயக்கம் நடத்தியவர். தாய் நிர்மலா சாந்திநிகேதனில் பயின்ற மட்பாண்டக் கலைஞர். 1950இல் மும்பையில் பிறந்த ஆனந்த், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் அமெரிக்காவில் சமூகவியலும் படித்தார்; பிறகு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் தலைமறைவு சினிமா பற்றி ஆய்வேடு எழுதினார். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தன்னுடைய முதல் படம்.

அந்த முதல் படமான ‘கிராந்தி கி தரங்கேன்’ பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் நடத்திய இயக்கத்தைப் பற்றியது. இரவல் காமிராக்கள், கிடைத்த பிலிம், சிறிய சூப்பர் 8 காட்சிகளைத் திரையில் ஓட்டி அதை மறுபடி 16 மி.மீ. பிலிமில் பிடித்தது என்று உருவான படம். நெருக்கடிநிலை வந்ததும் துண்டுதுண்டாக வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்டது. இந்தச் சாகசக் கதையைப் பலரும் சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்தப் படத்தின் உற்சாகத்தில் ஒரு கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை. பீகார் இயக்கத்தின் முதுகெலும்பில் பாஜகவின் முன்னோடியான ஜனசங்கமும் அதன் மாணவர் அமைப்பும் இருந்தன. ஜனசங்கம் பாசிசக் கட்சி என்றால் நானும் பாசிஸ்டுதான் என்று 1975 மார்ச்சில் ஜே.பி. அக்கட்சியின் மாநாட்டிலேயே பேசினார். பின்னாளில் பட்வர்தன் வாழ்நாள் முழுக்க எதிர்த்த அரசியலுக்கு மரியாதைக்குரிய மேடை கிடைத்தது அந்த எழுச்சியில்தான். எதிர்ப்பு என்பதாலேயே ஒன்று ஜனநாயகமாகிவிடாது என்ற பாடம் அந்தப் படத்துக்குள் இல்லை. அடுத்த படமான ‘ஜமீர் கே பந்தி’ (1978) அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது. நெருக்கடிநிலைக்கு முன்பும் பின்பும் சிறையில் கிடந்த அரசியல் கைதிகளை, நக்சல்பாரிகள் உட்பட, அது கணக்கில் எடுத்தது. இந்திரா காந்தி தோற்றதோடு அடக்குமுறை தீர்ந்துவிடவில்லை என்று, ஜனதா ஆட்சியின் கொண்டாட்டம் ஓயாத நாளிலேயே சொன்ன படம் அது.

பட்வர்தனின் சினிமாவைப் புரிந்துகொள்ள 1985இன் ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் ஒரே ஒரு காட்சி போதும். மும்பையில் குடிசைகளை இடித்துத் தள்ளுகிறார்கள். வீடிழந்த ஒரு பெண் காமிராவைப் பார்த்துச் சீறுகிறார்: ஏழைகளைப் படம் பிடித்துப் பேர் வாங்கிக்கொண்டு போவீர்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது அவர் கேள்வி. வேறொரு இயக்குநராக இருந்தால் படத்தொகுப்பு மேசையில் அது உதிர்ந்திருக்கும். பட்வர்தன் அதை வைத்துக்கொண்டார். பதிலாக ஒரு வார்த்தையும் பின்னணியில் சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு மும்பையில் குடிசைவாசிகளுக்காக ஷபானா ஆஸ்மி முதலானோர் இருந்த உண்ணாவிரதத்தில் அவரும் உட்கார்ந்தார். அதை அந்தப் பெண்ணுக்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் படத்துக்குள் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. நடுநிலை பாசாங்கு என்ற அவருடைய கருத்துக்கு இந்தக் காட்சி தரும் ஆதாரம் அவர் எழுதிய எந்தக் கட்டுரையையும்விட வலிமையானது. சார்பு உள்ளவன் தன்னையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியும் என்று இது காட்டுகிறது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. ‘தி காஷ்மீர் பைல்ஸ்’, ‘தி கேரளா ஸ்டோரி’ போன்ற படங்களைப் பிரச்சாரம் என்று சொல்கிறோம். சார்பெடுப்பதை வெளிப்படையாக அறிவிக்கும் பட்வர்தனின் படங்கள் மட்டும் பிரச்சாரம் ஆகாதா? அது எங்கள் பிரச்சாரம், இது அவர்கள் பிரச்சாரம் என்ற பதில் நேர்மையற்றது. அவை புனைகதை, இவை ஆவணம் என்பதும் போதாது. ஆவணப்படத்தில் பொய் சொல்வது புனைகதையில் சொல்வதைவிட எளிது. எனக்கு மூன்று அளவுகோல்கள் தோன்றுகின்றன. எதிர்த்தரப்பு தன் வாதத்தைத் தன் வாயால், முழு வாக்கியமாகச் சொல்ல விடப்படுகிறதா? கேள்வி கேட்பவரின் குரல் பார்வையாளருக்குக் கேட்கிறதா, அதாவது எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்பது தெரிகிறதா? படத்தின் முடிவுக்கு ஒத்துவராத சாட்சியம் படத்துக்குள் இடம்பெற்றிருக்கிறதா? ‘ஹமாரா ஷஹர்’ மூன்றிலும் தேறுகிறது. நகரத்தை அழகாக வைத்திருக்கக் குடிசைகள் போகவேண்டும் என்று பேசும் அதிகாரிகளும் மேட்டுக்குடியினரும் நிதானமாக, தங்கள் மொழியில் பேசுகிறார்கள். அவர்களைக் கவிழ்ப்பது அவர்களுடைய வாக்கியங்களேதான்.

‘ராம் கே நாம்’ படத்துக்கு வருவோம். அயோத்தியில் ராமர் கோயில் கேட்டு பாஜக தலைவர் அத்வானி நடத்திய ரத யாத்திரை 1990 செப்டம்பர் 25 அன்று குஜராத்தின் சோமநாத்தில் புறப்பட்டது. ரதம் என்பது உண்மையில் ஒரு டொயோட்டா வண்டி. அக்டோபர் 23இல் பீகாரின் சமஸ்திபூரில் அத்வானி கைதானார்; அக்டோபர் 30இல் கரசேவகர்கள் அயோத்தியில் பாபர் மசூதியின் மேல் ஏறினார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீடு பற்றிய மண்டல் பரிந்துரையை வி.பி. சிங் அரசு ஏற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. பட்வர்தன் அந்த நாள்களின் ஊடாகக் காமிராவோடு நடக்கிறார். மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே முடிந்துவிட்ட படம் இது என்பதை மறந்துவிட்டு இன்று பலர் பார்க்கிறார்கள். நடக்கப்போவதை அது அறியாது. ஆனால் எல்லா அறிகுறிகளையும் பதிவுசெய்திருக்கிறது.

படத்தின் ஆவண மதிப்பு அசாதாரணமானது. 1949 டிசம்பர் 22 இரவு மசூதிக்குள் ராமர் சிலை ‘தோன்றியது’ அற்புதம் என்று விஸ்வ ஹிந்து பரிஷத் பரப்பிய வீடியோவை முதலில் காட்டுகிறார். பிறகு, அந்தச் சிலையை வைத்த செயலில் பங்குகொண்ட மகந்த் ஒருவர், அப்போதைய பைசாபாத் மாவட்ட ஆட்சியர் கே.கே. நாயரின் துணையோடு அது எப்படி நடந்தது என்று காமிரா முன் சாவகாசமாகச் சொல்கிறார். சிலை வைக்கப்பட்டது சட்டவிரோதம் என்றும், 1992இல் மசூதியை இடித்தது சட்டவிரோதம் என்றும் 2019 நவம்பர் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. நிலத்தை மட்டும் கோயிலுக்குக் கொடுத்தது. அந்த மகந்த் வாய்விட்டுச் சொன்னது நீதிமன்றத் தீர்ப்பின் பக்கங்களில் ஏற இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

ஆனால் இந்தப் படத்தில் எனக்கு நெருடுவது ஓரிடம். ராமர் எந்தக் காலத்தில் பிறந்தார் என்று இளம் கரசேவகர்களிடம் பட்வர்தன் கேட்கிறார். பதில் தடுமாறுகிறது. நகரத்து அரங்குகளில் இந்த இடத்தில் சிரிப்பு எழும். கேள்வி நியாயமானதா? இந்த இடத்தில்தான், இந்தக் கல்லில்தான் பிறந்தார் என்று வரலாற்று உரிமை கோரும் இயக்கத்திடம் ஆண்டைக் கேட்பது முழுக்க நியாயம். ஆனால் அந்தக் கேள்வி போய்ச் சேரவேண்டிய இடம் ரதத்தின் மேல் நின்றவர்கள். கீழே ஓடிவந்த பையன்களிடம் ஆங்கிலம் படித்த ஒருவர் அதைக் கேட்கும்போது, அரங்கின் சிரிப்பில் கொள்கையைவிட வர்க்கம் அதிகம் ஒலிக்கிறது. சங்கப் பரிவாரம் பின்னாளில் வளர்த்தெடுத்த ‘எங்களை இளக்காரம் செய்கிறார்கள்’ என்ற மனக்குறைக்கு இத்தகைய சிரிப்புகள் தீனி போட்டன என்பதை மதச்சார்பற்றவர்கள் இன்னும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கு நேர் எதிராக நிற்பவர் பூசாரி லால்தாஸ். நீதிமன்றம் நியமித்த தலைமைப் பூசாரி. அதே ராமருக்கு அன்றாடம் பூசை செய்தவர். பரிஷத்காரர்கள் இங்கே வந்து ஒருமுறைகூட வழிபட்டதில்லை, இது பணமும் பதவியும் சார்ந்த ஆட்டம் என்று அவர் சொல்கிறார். சிலை இருக்கும் இடமே நம் மரபில் கோயில்தான், பிறகு கட்டடத்தை இடிப்பது எதற்கு என்கிறார். குரல் உயரவில்லை. காமிரா அவரை விட்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. மதச்சார்பின்மைக்கு இந்தியச் சினிமா தந்த மிகத் தெளிவான விளக்கம் ஒரு பக்தரின் வாயிலிருந்து வந்திருக்கிறது என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பாஜக ஆட்சிக்கு வந்தபின் 1992இல் லால்தாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1993 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அயோத்தியைச் சுற்றிய கிராமங்களில் உழைக்கும் மக்கள் பேசுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்: அவர்களில் பலருக்கு ராமர் வேண்டும், பக்கத்து வீட்டு முஸ்லிமோடு சண்டை வேண்டாம். மதமின்மையை நம்பும் இயக்குநரின் படத்தில் மதச்சார்பின்மையைக் காப்பவர்கள் மத நம்பிக்கை உள்ளவர்கள். காமிராவுக்குத் தெரிந்தது அதிகம் என்று நான் சொன்னது இதைத்தான்.

‘பிதா, புத்ர் அவுர் தர்மயுத்’ ஒரு படி மேலே போய்க் காரணம் தேடுகிறது. மதக் கலவரத்தை ஆண்மை பற்றிய பதற்றத்தோடு இணைக்கிறது. ராஜஸ்தானின் தேவ்ராலாவில் 1987இல் ரூப் கன்வர் சிதையேறியது, 1992-93 மும்பைக் கலவரம், தெருவோரத்தில் வீரிய மருந்து விற்பவர், பால் தாக்கரேயின் மேடை எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன. துணிச்சலான இணைப்பு, சில இடங்களில் அவசரமானதும்கூட. மருந்து விற்பவருக்கும் கலவரக்காரனுக்கும் இடையே உள்ள தூரத்தைப் படத்தொகுப்பு ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. இருந்தாலும் இந்து, முஸ்லிம் என இருதரப்பு ஆண்களின் பெருமிதத்தையும் ஒரே தராசில் வைத்ததும், பெண்களைச் சாட்சிகளாக அழைத்ததும் அந்தக் காலத்துக்கு முன்னோடிச் செயல்.

அணுகுண்டுச் சோதனைகளைப் பற்றிய ‘ஜங் அவுர் அமன்’ (2002) பரந்த படம். பொக்ரான், பாகிஸ்தான், ஹிரோஷிமா, வாஷிங்டன் என்று போகிறது. பொக்ரானுக்கு அருகில் உள்ள கிராமத்து மக்கள் பேசும் பகுதிகளும் பாகிஸ்தானின் பள்ளிக் குழந்தைகளும் நினைவில் நிற்பார்கள். மற்றவை நல்ல கட்டுரை.

அவருடைய சாதனையின் உச்சம் ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்பது என் தீர்மானமான முடிவு. மும்பை காட்கோபரின் ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 காலை அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. திரண்ட மக்கள் மேல் போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். சில நாள்களில் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கில் தொங்கினார். ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடியவர் அவர், மார்க்சியர். சாகும்போது தலையில் அம்பேத்கர் இயக்கத்தின் நீலத் துணியைக் கட்டியிருந்தார். ஏன் என்ற ஒரு கேள்வியோடு தொடங்கி பட்வர்தன் பதினான்கு ஆண்டுகள் படம் பிடித்தார். பெட்ரோலிய டேங்கர் வண்டிகளைக் காப்பாற்றவே சுட்டோம் என்ற போலீசின் வாதத்தை, போலீஸ் தந்த காட்சியையே கொண்டு படம் பிரித்துப் பார்க்கிறது. 2009இல் சம்பந்தப்பட்ட போலீஸ் அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் துப்பறிதல் அந்தப் படத்தின் ஒரு பகுதி மட்டுமே. அதன் மையம் பாட்டு.

இங்கே இயக்குநர் தன் கருத்துகளோடு உள்ளே போய், வேறு ஆளாக வெளியே வருகிறார். சாதியை வர்க்கத்துக்குள் அடக்கிவிட்ட இடதுசாரிகளின் குருட்டுத்தனம், அவர் தோழமை கொண்டிருந்த அதே இயக்கங்களின் குருட்டுத்தனம், மூடி மறைக்கப்படாமல் வருகிறது. விலாஸை அவர் சார்ந்திருந்த கலைக்குழுவே விலக்கி வைத்திருந்தது. மறுபக்கம், தலித் தலைவர்கள் சிவசேனை, பாஜக மேடைகளுக்கு நகர்வதையும் படம் மன்னிக்கவில்லை. அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6இல் அவருடைய நினைவிடமான சைத்யபூமிக்கு வரும் லட்சக்கணக்கான மக்களைப் பற்றி சிவாஜி பூங்காப் பகுதியின் கனவான்களும் சீமாட்டிகளும் முகம் சுளிக்கும் காட்சியில், அவர்களுடைய நாசூக்கான மொழி அப்படியே விடப்பட்டிருக்கிறது. சாதி எப்படி ‘சுகாதார’மாகப் பேசும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. காந்திய வீட்டில் வளர்ந்த பட்வர்தன், காந்தியை ஏற்காத மக்களின் நடுவே அமர்ந்து பொறுமையாகக் கேட்கிறார். மூன்று அளவுகோல்களிலும் முழு மதிப்பெண் வாங்கும் படம் இது. 2012இல் இது முதலில் காட்டப்பட்டதும் தொழிலாளர், தலித் குடியிருப்புகளின் முற்றங்களில்தான்.

அதற்குப் பிறகு ‘விவேக்’ (2018). ஏறத்தாழ நான்கு மணி நேரம். நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் புனேயிலும், கோவிந்த் பன்சாரே 2015 பிப்ரவரியில் கோலாப்பூரிலும், எம்.எம். கல்புர்கி அதே ஆண்டு ஆகஸ்டில் தார்வாடிலும், கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பரில் பெங்களூரிலும் சுடப்பட்டார்கள். இந்த நான்கு கொலைகளிலிருந்து தொடங்கி, தாத்ரியில் அடித்துக் கொல்லப்பட்ட முகமது அக்லாக், ஹைதராபாத்தில் ரோகித் வெமுலா, உனாவில் சாட்டையடி பட்ட தலித்துகள் என்று படம் விரிகிறது. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முழுநீள ஆவணப்படத்துக்கான முதன்மை விருது கிடைத்தது. அந்த ஆண்டுகளின் பதிவு என்ற அளவில் இதற்கு ஈடான இன்னொரு படம் இல்லை.

இருந்தும் இது அவருடைய பலவீனமான பெரிய படம். இங்கே சொல்லும் குரல் கேட்கும் காதை முந்திவிட்டது. பின்னணி விளக்கம், செய்திக் காட்சிகள், திரையில் எழுத்துகள் எல்லாம் முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு சாட்சிகளைத் தேடுகின்றன. 2008 மும்பைத் தாக்குதலில் காவல் அதிகாரி ஹேமந்த் கர்கரே இறந்ததைப் பற்றி முன்னாள் காவல் அதிகாரி முஷ்ரிஃப் எழுப்பும் ஐயங்களுக்குத் தரப்பட்ட இடம் ஓர் உதாரணம். ஐயம் எழுப்பும் உரிமை உண்டு. ஆனால் ‘டேங்கர்’ வாதத்தைப் பிரித்துப்போட்டபோது காட்டிய சான்றுக் கண்டிப்பு இங்கே இல்லை. எதிர்த்தரப்பின் கட்டுக்கதைகளை மறுக்கும் படத்துக்கு இது கட்டுப்படியாகாத சலுகை.

அதைவிட ஆழமான குறை கருத்தில் இருக்கிறது. படம் பகுத்தறிவை ஒரு பக்கமும் மத வெறியை மறுபக்கமும் நிறுத்துகிறது, தலைப்பே அப்படி. ஆனால் கொல்லப்பட்ட நால்வரையும் கூர்ந்து பாருங்கள். தபோல்கரின் அந்தஷ்ரத்தா நிர்மூலன் சமிதி கடவுள் நம்பிக்கையை எதிர்க்கவில்லை, நம்பிக்கையின் பெயரால் நடக்கும் சுரண்டலை எதிர்த்தது. மராட்டிய பக்திக் கவிஞர்களின் மரபைத் தன் துணைக்கு அழைத்துக்கொண்டது. பன்சாரே எழுதிய சிறு நூல் சிவாஜியைத் தூக்கி எறியவில்லை, இந்துத்துவத்தின் கையிலிருந்து மீட்டது. கல்புர்கி பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்னட பக்தி இலக்கியமான வசனங்களின் அறிஞர். கௌரி லங்கேஷ் லிங்காயத்துகள் தனி மதம் என்ற வாதத்தின் பக்கம் நின்றவர். நால்வருமே மரபுக்குள் நின்று, மரபின் சொத்துகளுக்கு உரிமை கோரியவர்கள். வெளியே நின்று கடவுள் இல்லை என்று சொல்பவரைவிட, உள்ளே நின்று ‘இந்த சிவாஜி உங்களுடையவர் அல்ல’ என்று சொல்பவர் அதிக ஆபத்தானவர் என்பதைக் கொலையாளிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். பூசாரி லால்தாஸுக்கு நேர்ந்ததும் அதுவே. படத்தில் பன்சாரேயின் சிவாஜி வரும் பகுதி உயிரோடு இருப்பதற்கும் காரணம் இதுதான்; அங்கே காமிரா மறுபடி மக்களிடம் போய்க் கேட்கிறது. ஆனால் படத்தின் கட்டுமானம் இந்த உண்மையை எடுத்துக்கொண்டு யோசிக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு ‘விவேக்’ முன்வைக்கும் எதிர்முனை புதிதாகத் தோன்றாது. பிராமணிய எதிர்ப்பும் நாத்திகமும் ஒரே மேடையில் நின்ற நூற்றாண்டு நமக்குப் பின்னால் இருக்கிறது. அந்த மேடை கல்வியிலும் அதிகாரத்திலும் எவ்வளவோ சாதித்தது, கோயில் வாசல்களில் கூடும் கூட்டத்தைக் குறைக்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆகவே இந்தப் படத்திடம் நமக்குக் கூடுதலான எதிர்பார்ப்பு இருப்பது இயல்பு.

கடைசியாக எதிர்ப்பு பற்றி. இவ்விஷயத்தில் அவருடைய நடைமுறை, படங்களுக்கு நிகரான ஒரு படைப்பு. தணிக்கையை எதிர்ப்பவர், ஆனாலும் தணிக்கைச் சான்றிதழை வாங்குவார். விருதுக்கு அனுப்புவார். பிறகு அரசமைப்பின் 19ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு பொதுமக்கள் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி பொதுமக்களுக்கு ஏன் இதைக் காட்டவில்லை என்று கேட்பார். ‘ஹமாரா ஷஹர்’ நான்கு ஆண்டு வழக்குக்குப் பின் ஒளிபரப்பானது. ‘ராம் கே நாம்’ தூர்தர்ஷனில் வந்தது 1997இல். ‘ஜங் அவுர் அமன்’ படத்தில் கேட்கப்பட்ட வெட்டுகள் ஒரு கட்டத்தில் 21ஐத் தொட்டன. 2003இல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தது. 2004 மும்பை சர்வதேச விழாவில் இந்திய ஆவணப்படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் என்றபோது இயக்குநர்கள் ஒன்றுசேர்ந்து ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவை நடத்தினார்கள். அந்த அணியில் அவரும் இருந்தார். 2015 அக்டோபரில், புனே திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கு ஆதரவாகவும் எழுத்தாளர் கொலைகளைக் கண்டித்தும் ‘ஹமாரா ஷஹர்’ படத்துக்கான தேசிய விருதைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த வழியின் வரம்பையும் சொல்லவேண்டும். இது நீதிமன்ற ஆணைக்கு அரசு முணுமுணுத்துக்கொண்டாவது கட்டுப்படும் நாட்டில் செல்லுபடியாகும் வழி. 2019இல் ‘விவேக்’ கேரள ஆவணப்பட விழாவில் திரையிடப்பட மத்திய அமைச்சகம் விலக்கு மறுத்தது. கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது. வெற்றிதான். ஆனால் இப்போது தடை அரசாணையாக மட்டும் வருவதில்லை. கல்லூரி நிர்வாகத்தின் தயக்கமாக, அரங்க உரிமையாளரின் பயமாக, வாசலில் கூடும் கும்பலாக வருகிறது. அதன் மேல் வழக்குப் போட முகவரி கிடைக்காது.

கும்பலின் மிரட்டல் பற்றி நம் சட்டத்தில் உள்ள மிக உறுதியான வாசகம் ஒரு தமிழ்ப் படத்தால் கிடைத்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம். அதன் சான்றிதழ் பற்றிய ரங்கராஜன் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், ஆர்ப்பாட்டமும் வன்முறையும் வரும் என்று மிரட்டுவதற்காகக் கருத்துரிமையை நசுக்க முடியாது, அப்படி மிரட்டலுக்குப் பணிவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றது. பட்வர்தனின் படங்களுக்குக் கேடயமாகும் அந்தக் கொள்கை, அவருக்கு ஒருபோதும் உவப்பாகாத ஒரு படத்தைக் காக்கப் பிறந்தது. எதிர்ப்புக்குரலின் நண்பர்கள் இந்தக் கசப்பையும் சேர்த்தே விழுங்கவேண்டும். நமக்குப் பிடிக்காத படத்துக்கும் அது பொருந்தும்; வன்முறைக்கு நேரடியாகத் தூண்டும் பேச்சு மட்டுமே விலக்கு.

ஆக, என் மதிப்பீடு இது. சினிமா பற்றிய பட்வர்தனின் கருத்து, சார்பு நேர்மைக்குத் தடையில்லை என்பது, ‘ஹமாரா ஷஹர்’, ‘ராம் கே நாம்’, ‘ஜெய் பீம் காம்ரேட்’ ஆகியவற்றால் நிரூபிக்கப்பட்டுவிட்டது. எதிர்ப்பு பற்றிய அவருடைய நடைமுறை, அவருக்குப் பின் வந்த ஒவ்வோர் ஆவணப்படக்காரருக்கும் சட்டபூர்வமான நிலத்தை உழுது கொடுத்திருக்கிறது. மதச்சார்பின்மை பற்றிய கருத்து மட்டும் அவருடைய சொந்தப் படங்களைவிடப் பின்தங்கியிருக்கிறது. லால்தாஸைக் கண்டுபிடித்தவர் லால்தாஸிடமிருந்து கற்றதை ‘விவேக்’ வரை எடுத்துவரவில்லை.

அவரைப் புதிதாகப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ‘ராம் கே நாம்’ படத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்தைச் சொல்வேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். தனியாகக் கைப்பேசியில் பார்க்காமல், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பாருங்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது உங்கள் கருத்தோடு ஒத்துப்போகாதவராக இருக்கட்டும்.